போய்ப் பார்க்காமல் எப்படித் தெரியும்?

வானத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறவர் என்று தெரிந்துவிட்டால் போதும், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த உடனே கேள்விகள் வரும். சூரியன் எப்போது அணையும்? கருந்துளை பூமியை விழுங்கிவிடுமா? வேறு எங்காவது ஆட்கள் இருக்கிறார்களா? கல்லூரி மாணவர் கேட்பார், வங்கியில் ஓய்வு பெற்றவர் கேட்பார், கிளாஸைக் கழுவிக்கொண்டே டீ மாஸ்டர் கேட்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். சூரியனுக்கு இன்னும் 500 கோடி ஆண்டு ஆயுள் இருக்கிறது. கருந்துளை பூமியை விழுங்காது. உயிர்களை இதுவரை வேறெங்கும் பார்க்கவில்லை.

விவரமானவர்கள் அந்த ஒரு வரியோடு விடுவதில்லை. "அது சரி சார், யாருமே அங்க போனதில்லையே. அப்புறம் எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்றாங்க?" என்று அடுத்த கேள்வியைப் போடுவார்கள். கேட்பவர்களுக்கு அதில் ஒரு தயக்கம் இருக்கும், மரியாதைக் குறைவாகக் கேட்டுவிட்டோமோ என்று. தயங்கவே வேண்டாம். வானியல் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடி வளர்ந்ததுதான்.

மனிதர்கள் நேரில் போய் வந்த இடம் நிலவு ஒன்றுதான். நாம் அனுப்பிய கருவிகளிலேயே வெகுதூரம் போயிருப்பது வாயேஜர் 1. அது 1977இல் புறப்பட்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடி அது கடந்திருக்கும் தூரம், ஒளி ஒரே நாளில் கடக்கும் தூரம்தான். மிக அருகில் உள்ள அயல் விண்மீனிலிருந்து ஒளி இங்கே வரவே நாலேகால் ஆண்டு ஆகிறது. ஆகவே விண்மீன்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது எல்லாமே, அங்கிருந்து நம்மிடம் வந்து சேர்வதைப் படித்துத் தெரிந்துகொண்டவை. வருவதில் பெரும்பகுதி ஒளி. ஒளியை எப்படிப் படிக்கிறார்கள் என்று புரிந்துவிட்டால் மற்ற கேள்விகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தெளியும்.

"அந்த நட்சத்திரம் இப்ப இருக்கா, இல்லையா?"

நாம் பார்க்கும் விண்மீன்களில் பாதி எப்போதோ செத்துப்போனவை என்று ஒரு பேச்சு பரவலாக இருக்கிறது. அது பாதி உண்மையிலிருந்து கிளம்பிய தவறு.

ஒளி நொடிக்கு 3 லட்சம் கி.மீ. போகிறது. சூரியனிலிருந்து இங்கே வர 8 நிமிடத்துக்குச் சற்று கூடுதலாகிறது. பஞ்சாங்கத்தில் நாம் பெயர் சொல்லும் நட்சத்திரங்களையே எடுத்துக்கொள்வோம். சுவாதியின் ஒளி இங்கே வர ஏறத்தாழ 37 ஆண்டு. ரோகிணிக்கு 65 ஆண்டு. இப்போது அறுபத்தைந்து வயதில் இருப்பவர் ரோகிணியைப் பார்த்தால், தாம் பிறந்த காலத்தில் புறப்பட்ட ஒளியைப் பார்க்கிறார். சித்திரையின் ஒளி 250 ஆண்டுக்கு முன், கட்டபொம்மன் இளைஞனாக இருந்த காலத்தை ஒட்டிக் கிளம்பியது. ஆக, நாம் காண்பது பழைய கோலம் என்பது உண்மை.

ஆனால் விண்மீனின் ஆயுளை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். மிகப் பெரிய விண்மீன்கள்தான் சீக்கிரம் மடிகின்றன. அவையும் பல லட்சம் ஆண்டு, கோடி ஆண்டு வாழ்கின்றன. வெறும் கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களில் பெரும்பாலானவை சில ஆயிரம் ஒளியாண்டுக்குள்தான் இருக்கின்றன. அந்தச் சில ஆயிரம் ஆண்டு அவற்றின் வாழ்வில் மிகச் சிறிய நேரம். அதனால் இன்று இரவு நீங்கள் பார்ப்பவற்றில் அநேகமாக எல்லாமே இப்போதும் இருக்கின்றன என்று தைரியமாகச் சொல்லலாம்.

சந்தேகப்படத் தகுந்தது திருவாதிரை. மார்கழி, தை மாத இரவுகளில் செம்மஞ்சளாகத் தெரியும் அந்த விண்மீன் தன் வாழ்வின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. 2019 கடைசியில் அது கண்ணுக்கே தெரியும் அளவுக்கு மங்கியபோது வெடிக்கப் போகிறதோ என்று உலகமே பார்த்தது. 2020 பிப்ரவரிக்குப் பிறகு மீண்டும் பிரகாசமானது. அது கக்கிய வாயு குளிர்ந்து, தூசியாகித் தன் முகத்தையே மறைத்திருந்தது என்று பின்னர் கண்டறிந்தார்கள். அது ஒரு நாள் வெடிக்கும், ஆனால் அந்த நாள் வருவதற்கு இன்னும் ஒரு லட்சம் ஆண்டுகூட ஆகலாம்.

"அவ்வளவு தூரம்னு அளந்தது யாரு?"

கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கிப் பிடியுங்கள். இடக்கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு வலக்கண்ணை மூடிப் பாருங்கள். பின்னால் இருக்கும் சுவரில் விரல் இடம் மாறித் தெரியும். விரலை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தால் அதிகமாக மாறும், தள்ளிப் பிடித்தால் குறைவாக மாறும். இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரிந்து, விரல் எவ்வளவு நகர்ந்தது என்ற கோணமும் தெரிந்தால், அளவுநாடா இல்லாமலே விரலின் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும்.

விண்மீனுக்கும் இதே வழிதான். அங்கே இரண்டு கண்களுக்குப் பதிலாக, பூமி சூரியனைச் சுற்றும் பாதையின் இரண்டு எதிர் முனைகள். தை மாதம் ஒரு முறையும் ஆடி மாதம் ஒரு முறையும் அதே விண்மீனைப் படம் எடுத்தால், நடுவில் நாம் 30 கோடி கி.மீ. இடம் மாறியிருப்போம். அருகில் உள்ள விண்மீன், பின்னால் வெகுதொலைவில் உள்ளவற்றின் நடுவே சற்று நகர்ந்து தெரியும்.

பூமி நகர்கிறது என்றால் இந்த நகர்வு தெரிய வேண்டுமே, ஏன் தெரியவில்லை என்று கோப்பர்நிக்கஸ் காலத்திலேயே எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை கிடைக்க மூன்று நூற்றாண்டு ஆனது. 1838இல் ஃபிரெட்ரிக் பெசல் என்ற ஜெர்மானியர், அன்னம் என்ற விண்மீன் தொகுதியில் உள்ள ஒரு மங்கலான விண்மீனின் நகர்வை முதன்முதலாக நம்பகமாக அளந்தார். ஒரு ரூபாய் நாணயத்தைச் சுமார் 15 கி.மீ. தள்ளி வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ, அந்தக் கோணம் அவ்வளவு சிறியது. எதிர்த்தவர்களின் தர்க்கம் தவறில்லை. விண்மீன்கள் அவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பதைத்தான் அவர்களால் நம்ப முடியவில்லை.

இந்த வேலையை நம் காலத்தில் ஐரோப்பியர்களின் கையா விண்கலம் செய்தது. 2013 டிசம்பரில் ஏவப்பட்டு 2025 ஜனவரி வரை வானத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, 100 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடத்தையும் தூரத்தையும் குறித்துக் கொடுத்தது. கருவி வளர்ந்திருக்கிறது. வழி அதே கட்டைவிரல் வழிதான்.

"சூரியன்ல என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்கு விடையே கிடைக்காது என்று 1835இல் ஒரு பெரிய அறிஞர் எழுதினார். பிரான்ஸ் நாட்டு மெய்யியலாளர் ஒகுஸ்ட் கோம்ட். விண்மீன்களின் தூரத்தை, அளவை, அசைவை அறியலாம், அவை எதனால் ஆனவை என்பதை மட்டும் மனிதர்கள் ஒருபோதும் அறிய முடியாது என்பது அவர் கருத்து. போய் அள்ளி வந்து சோதிக்க முடியாத பொருளை வேறு எப்படி அறிவது?

உண்மையில் விடை அதற்கு முன்பே கண்ணில் பட்டிருந்தது. 1814இல் ஜெர்மனியின் பவேரியாவில் கண்ணாடி வில்லைகள் செய்துவந்த ஃபிரான்ஹோஃபர், சூரிய ஒளியைப் பட்டகத்தின் வழியே பிரித்துப் பார்த்தார். வானவில்லின் நிறப்பட்டையில் மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரிந்தன. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கோடுகளைக் குறித்து வைத்தார். அவை என்ன என்று அவருக்குத் தெரியாது.

உங்கள் சமையலறையிலேயே இதற்கான தடயம் இருக்கிறது. உப்புப் போட்ட குழம்பு பொங்கி கேஸ் அடுப்பில் வழிந்தால் நீலத் தீ சட்டென்று மஞ்சளாகும். உப்பில் உள்ள சோடியம் சூடேறும்போது விடும் ஒளி அது. பழைய தெருவிளக்குகளின் மஞ்சளும் அதே சோடியம்தான். எந்தத் தனிமமும் ஆவியாகிச் சூடானால் தனக்கே உரிய சில நிறங்களை மட்டும் விடும். அதன் ஆவி வழியே வெள்ளை ஒளி போனால் அதே நிறங்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்ட இடங்களில் கறுப்புக் கோடு விழும். 1859இல் ஹைடல்பெர்க்கில் கிர்ஹாஃபும் புன்சனும் சேர்ந்து இதை நிலைநாட்டினார்கள். சூரியனின் கோடுகளைச் சோதனைச்சாலைக் கோடுகளோடு பொருத்தினால் அங்கே சோடியம் இருக்கிறது, இரும்பு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். கோம்ட் இறந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தக் கதையின் அடுத்த பக்கம் நம் பக்கத்து ஊரில் எழுதப்பட்டது. 1868 ஆகஸ்ட் 18 அன்று இந்தியாவின் மேல் முழுச் சூரிய கிரகணம் கடந்தது. பிரான்சிலிருந்து வந்த ஜூல் ஜான்சன் குண்டூரில் முகாமிட்டார். மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்த நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்து பார்த்தார். மறைந்த சூரியனின் விளிம்பில் எழுந்த தழல்களில் ஒரு பளிச்சென்ற மஞ்சள் கோடு தெரிந்தது. முதலில் சோடியம் என்றுதான் தோன்றியது. துல்லியமாக அளந்தபோது சோடியத்தின் இடத்தில் அது இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் நார்மன் லாக்யர் கிரகணம் இல்லாமலே அந்தக் கோட்டைப் பார்த்து, பூமியில் யாரும் அறியாத தனிமம் இது என்று முடிவுகட்டினார். அதுதான் ஹீலியம். பூமியில் அது கிடைத்தது 1895இல், யுரேனியத் தாது ஒன்றிலிருந்து வில்லியம் ராம்சே பிரித்தபோது. போய்ப் பார்க்காத சூரியனில் ஒரு பொருளை முதலில் கண்டுபிடித்து, இருபத்தேழு ஆண்டு கழித்துத்தான் காலடியில் கண்டார்கள். ஒளியைப் படிக்கும் முறையை நம்பலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இன்னொரு படி பாக்கி இருந்தது. என்னென்ன இருக்கிறது என்று தெரிந்தது, எது எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை. இரும்புக் கோடுகள் நிறையத் தெரிந்ததால் சூரியனும் பூமியைப் போன்ற கலவைதான் என்று எல்லாரும் எண்ணினார்கள். 1920இல் மேகநாத் சாஹா, வெப்பம் ஏற ஏற அணுக்கள் எப்படி மின்னணுக்களை இழக்கின்றன, அதனால் கோடுகள் எப்படி மாறுகின்றன என்பதற்கு ஒரு சமன்பாடு கொடுத்தார். அந்தச் சமன்பாட்டை எடுத்துக்கொண்டு ஹார்வர்டு வானாய்வகத்தில் உட்கார்ந்தவர் செசிலியா பெயின். பெண்களுக்குப் பட்டம் கொடுக்காத கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு அமெரிக்கா வந்திருந்த இளம்பெண். அவர் கணக்கிட்டதில், விண்மீன்களில் மற்ற எல்லாவற்றையும்விடப் பல மடங்கு இருப்பது ஹைட்ரஜன், அடுத்து ஹீலியம். அக்காலத்தின் பெரிய வானியலாளர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் இது நடக்காத காரியம் என்றார். பெயின் 1925இல் தந்த ஆய்வேட்டில், இந்த முடிவு உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்று தாமே எழுதிவைக்க வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டு கழித்து ரஸ்ஸல் வேறு வழியில் கணக்குப் போட்டு அதே முடிவுக்கு வந்தார். பெயின் சொன்னதே சரி. சூரியனின் எடையில் முக்கால் பங்கு ஹைட்ரஜன்.

கோடுகள் பொருளை மட்டும் சொல்வதில்லை, வேகத்தையும் சொல்கின்றன. ஒளி விடும் பொருள் நம்மை நோக்கி வந்தால் கோடுகள் நீலப் பக்கம் நகரும், விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும். 1899இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளின் ஒளியில் இந்த நகர்வைக் கண்டார். புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்புறமாக ஓடுகிறது என்று தெரிந்தது. உலகப் பாடநூல்களில் அது எவர்ஷெட் விளைவு என்று நிற்கிறது. 15 கோடி கி.மீ. தொலைவில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைக் கொடைக்கானல் மலையில் நின்று சொல்ல முடிந்திருக்கிறது.

"காத்தே இல்லாத இடத்துல சூரியன் எப்படி எரியுது?"

அது எரியவே இல்லை. விறகு, கரி, பெட்ரோல் எரிவதற்குத்தான் ஆக்சிஜன் வேண்டும். சூரியன் முழுவதும் நிலக்கரியாக இருந்து எரிந்திருந்தால் சில ஆயிரம் ஆண்டுகளில் சாம்பலாகியிருக்கும். விண்கற்களின் வயதை அளந்ததில் சூரியக் குடும்பத்துக்கு ஏறத்தாழ 460 கோடி ஆண்டு ஆகிறது.

சூரியனின் நடுவே வெப்பம் 1.5 கோடி டிகிரி. அந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் நான்கு ஹைட்ரஜன் கருக்கள் படிப்படியாகச் சேர்ந்து ஒரு ஹீலியக் கருவாகின்றன. 1,000 கிராம் ஹைட்ரஜன் போனால் 993 கிராம் ஹீலியம்தான் கிடைக்கும். குறைந்த 7 கிராம் ஆற்றலாக மாறுகிறது. ஐன்ஸ்டைனின் சமன்பாடு சொல்வது இதைத்தான். இப்படி நொடிக்கு ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜன் மாறி, 40 லட்சம் டன் எடை ஒளியாகவும் வெப்பமாகவும் வெளியேறுகிறது. 1920இல் ஆர்தர் எடிங்டன் இதை ஊகித்தார். எந்தெந்தப் படிகளில் நடக்கிறது என்பதை 1930களின் இறுதியில் ஹான்ஸ் பெத்தே வகுத்துக் கொடுத்தார்.

"உள்ள நடக்கிறது எப்படி சார் தெரியும்? ஒளி மேலிருந்துதானே வருது?" என்று ஒரு மாணவர் மடக்கியிருக்கிறார். சரியான மடக்கு. நடுவில் பிறந்த ஒளி வாயுவில் மோதி மோதி வெளியே வர ஆயிரக்கணக்கான ஆண்டு ஆகிறது. அதற்குள் பிறந்த இடத்தின் அடையாளம் எல்லாம் போய்விடும். ஆனால் அதே கருவிணைவில் நியூட்ரினோ என்ற துகளும் பிறக்கிறது. அது எதிலும் அநேகமாக மோதாது, எட்டே நிமிடத்தில் இங்கே வந்துவிடும். உங்கள் நகத்தின் பரப்பு வழியாக ஒவ்வொரு நொடியும் 6,000 கோடிக்கும் மேற்பட்ட நியூட்ரினோக்கள் போய்க்கொண்டே இருக்கின்றன, இரவிலும்கூட, பூமியைத் துளைத்துக்கொண்டு. ரேமண்ட் டேவிஸ் அமெரிக்கச் சுரங்கம் ஒன்றின் ஆழத்தில் தொட்டி வைத்து 1960களின் கடைசியிலிருந்து அவற்றை எண்ணினார். கணக்கில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. சூரியனைப் பற்றிய கொள்கை தவறா, எண்ணியது தவறா என்று முப்பது ஆண்டு விவாதம் நடந்தது. இரண்டும் தவறில்லை. நியூட்ரினோக்கள் வரும் வழியில் வகை மாறுகின்றன என்று 2001, 2002ஆம் ஆண்டுகளில் கனடாவின் சட்பரி ஆய்வகம் காட்டியது. எல்லா வகையையும் சேர்த்து எண்ணியபோது கணக்கு நேரானது.

"கருந்துளைதான் கண்ணுக்குத் தெரியாதே?"

கருந்துளை என்றதும் வழியில் இருப்பதையெல்லாம் உறிஞ்சும் பூதம் போல நினைக்கிறார்கள். அதன் ஈர்ப்பு, அதே எடையுள்ள விண்மீனின் ஈர்ப்புதான். சூரியனை எடுத்துவிட்டு அதே எடையுள்ள கருந்துளையை அங்கே வைத்தால் அதன் ஆரம் 3 கி.மீ. இருக்கும். நாம் இருட்டிலும் குளிரிலும் உறைந்துபோவோம், ஆனால் பூமி இப்போது சுற்றும் அதே பாதையில் சுற்றிக்கொண்டிருக்கும். மிக அருகில் போனால்தான் ஆபத்து.

இப்படி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்ற எண்ணத்துக்கு வழி திறந்தவர்களில் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த இளைஞர் ஒருவர் முக்கியமானவர். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல் பத்தொன்பது வயதில் மேற்படிப்புக்காகக் கப்பலில் இங்கிலாந்து போனார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையாலேயே சுருங்கி வெண்குறுமீன் ஆகும் என்பது அப்போது தெரிந்திருந்தது. கப்பலிலேயே கணக்குப் போட்ட சந்திரசேகர், அதன் எடைக்கு ஒரு வரம்பு இருப்பதைக் கண்டார். சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு. அதற்கு மேல் போனால் வெண்குறுமீனாக நிற்க முடியாது, சுருக்கம் தொடரும். 1935 ஜனவரியில் லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் அவர் இதைச் சொன்னபோது, அவர் மிகவும் மதித்த எடிங்டனே எல்லார் முன்னாலும் மறுத்துப் பேசினார். காலம் சந்திரசேகர் பக்கம் நின்றது. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வரம்பு தாண்டிய விண்மீன் கருக்கள் நியூட்ரான் விண்மீன்களாகவோ கருந்துளைகளாகவோ ஆகின்றன என்று இன்று அறிவோம்.

கண்ணுக்குத் தெரியாததை எப்படிக் கண்டார்கள்? பக்கத்தில் இருப்பவற்றைப் பார்த்துத்தான். நம் பால்வீதியின் நடுவே சில விண்மீன்கள் வெற்றிடம் போன்ற ஓரிடத்தை அதிவேகமாகச் சுற்றுகின்றன. ஒன்று பதினாறு ஆண்டில் ஒரு சுற்று முடிக்கிறது. அந்தப் பாதைகளை வைத்துக் கணக்கிட்டால் நடுவே சூரியனைப் போல் 40 லட்சம் மடங்கு எடை, மிகச் சிறிய இடத்தில். ரைன்ஹார்ட் கென்செல், ஆண்ட்ரியா கெஸ் இருவரும் தனித்தனிக் குழுக்களோடு பல்லாண்டுகள் இதைத் தொடர்ந்து பார்த்து 2020இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். 2019 ஏப்ரலில் வெளியான புகழ்பெற்ற படம் வேறொரு பேரடையின் நடுவில் உள்ள கருந்துளையுடையது. அதில் தெரியும் வளையம், சுற்றிச் சுழலும் சூடான வாயுவின் ஒளி. நடுவில் உள்ள இருட்டுதான் கருந்துளையின் நிழல். நம் பால்வீதியின் கருந்துளைப் படம் 2022 மே மாதம் வந்தது.

"வேற பூமி இருக்குன்னு சொல்றாங்களே?"

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்க இருந்தது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தில் அந்த விண்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். யுரேனஸ் நெருங்கும் முன்பே ஒளி சட்டென்று மங்கியது. பறக்கும் விமானத்தில் தொலைநோக்கி வைத்துப் பார்த்த அமெரிக்கக் குழுவும் இதையே கண்டது. கிரகத்துக்கு இந்தப் பக்கம் பல முறை, கடந்த பின் அந்தப் பக்கமும் அதே போலப் பல முறை. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது இப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது. யாரும் வளையத்தைப் பார்க்கவில்லை, ஒளி குறைந்ததைத்தான் பார்த்தார்கள்.

தொலைதூரக் கிரகங்களில் பலவற்றை இதே வழியில்தான் கண்டுபிடிக்கிறார்கள். கிரகம் தன் விண்மீனின் குறுக்கே போகும்போது ஒளி சிறிது குறையும். பூமி போன்ற ஒன்று சூரியன் போன்ற ஒன்றின் குறுக்கே போனால் குறைவது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. கெப்ளர் தொலைநோக்கி அதையும் அளக்கும் திறனோடு 2009 முதல் 2018 வரை வேலை செய்து 2,600க்கும் மேற்பட்ட கிரகங்களைக் கண்டது. இப்போது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி சில கிரகங்களின் காற்றினூடே வரும் ஒளியைப் பிரித்து, கரியமில வாயு இருப்பதைக்கூடச் சொல்கிறது. செய்தித்தாளில் நீங்கள் பார்க்கும் நீலக்கடல், மேகம் எல்லாம் ஓவியர் வரைந்தவை. அளவு, எடை, ஓர் ஆண்டின் நீளம், சிலவற்றில் காற்றின் தன்மை, இவ்வளவுதான் அளந்து அறிந்தவை. உயிர் இருப்பதற்கு உறுதியான சான்று இதுவரை எந்தக் கிரகத்திலும் கிடைக்கவில்லை.

"ராத்திரி ஏன் இருட்டா இருக்கு?"

சின்னப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி. சூரியன் மறைந்துவிட்டது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது போதாது. பிரபஞ்சம் எல்லையில்லாதது, என்றைக்கும் இப்படியே இருந்தது, எங்கும் விண்மீன்கள் நிறைந்தது என்று வைத்துக்கொண்டால், எந்தத் திசையில் பார்த்தாலும் பார்வை ஏதாவதொரு விண்மீனில் போய் முட்ட வேண்டும். இரவு வானம் முழுவதும் சூரியனின் முகம் போலத் தகதகக்க வேண்டும். நடுவில் தூசி மறைக்கிறது என்றால், தூசியும் காலப்போக்கில் சூடேறி ஒளிரத் தொடங்கிவிடும். 1823இல் ஜெர்மானிய மருத்துவரும் வானியலாளருமான ஓல்பர்ஸ் இதைத் தீவிரமாக எழுப்பினார்.

இருட்டுக்கு முதற்காரணம், பிரபஞ்சத்துக்கு வயது இருக்கிறது. ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு. அதற்கும் அதிகமான காலம் பயணம் செய்ய வேண்டிய ஒளி இன்னும் நம்மிடம் வரவில்லை. இரண்டாவது, பிரபஞ்சம் விரிகிறது. பேரடைகளின் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருப்பதையும், தூரம் கூடக் கூட நகர்வும் கூடுவதையும் எட்வின் ஹபிள் 1929இல் காட்டினார். விரிவில் ஒளியின் அலை நீண்டு, கண்ணுக்குத் தெரியாத அலையாகிவிடுகிறது.

அப்படி நீண்ட ஒளி இன்றும் நம்மைச் சுற்றி இருக்கிறது. 1964இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் இருவரும் ஒரு வானலை வாங்கியைச் சரிபார்த்தபோது, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இரைச்சல் வந்தது. உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களை அப்புறப்படுத்தி, எச்சத்தைச் சுத்தம் செய்தும் இரைச்சல் போகவில்லை. பிரபஞ்சம் பிறந்து 3.8 லட்சம் ஆண்டு ஆனபோது எங்கும் நிறைந்திருந்த ஒளி, 1,380 கோடி ஆண்டு பயணத்தில் நுண்ணலையாக நீண்டு வந்து சேர்ந்தது அது. வானம் முழுவதும் ஏறத்தாழ மைனஸ் 270 டிகிரியில் அந்த ஒளி பரவியிருக்கிறது. கேபிளுக்கு முன் ஆன்டெனா வைத்துப் பார்த்த டி.வி.யில், நிலையம் வராதபோது ஓடிய வெள்ளைப் புள்ளிகளில் ஒரு சிறு பங்கு இதனுடையது. பிள்ளைகளின் எளிய கேள்வி பிரபஞ்சத்தின் பிறப்பு வரை நம்மை இட்டுச் செல்கிறது.

கேள்வியை விடாதீர்கள்

பல ஆண்டுகளாக வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி ஒன்று உண்டு. ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் நிலவைப் போலவே பெரிதாகத் தெரியும், வானத்தில் இரண்டு நிலா என்று. 2003இல் அந்தத் தேதியில் செவ்வாய் உண்மையாகவே மிக நெருங்கி வந்தது. அப்போதும் அது இருந்த தூரம் 5.6 கோடி கி.மீ. நிலவு இருப்பது 3.84 லட்சம் கி.மீ. தொலைவில். செவ்வாய் நிலவைவிட இரண்டு மடங்கு அகலம், 145 மடங்கு தொலைவு. அதனால் அது என்றைக்குமே நம் கண்ணுக்கு ஒளிப்புள்ளிதான். எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டிருந்தால், செய்தி அவரோடு நின்றிருக்கும்.

இந்தப் பழக்கம் பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் வர வேண்டும். பிள்ளைகள் வானத்தைக் காட்டிக் கேட்கும்போது, "சும்மா இரு, பரிட்சைக்குப் படி" என்று சொல்லாதீர்கள். விடை தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள், சேர்ந்து தேடுங்கள். கட்டைவிரலை நீட்டித் தூரம் அளப்பதும், அடுப்புத் தீயில் ஒரு சிட்டிகை உப்பைப் பெரியவர்கள் தூவிக் காட்டுவதும் காசு செலவில்லாத பாடங்கள். காவலூரும் கொடைக்கானலும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. திருச்செந்தூருக்கும் ஊட்டிக்கும் பிள்ளைகளை அழைத்துப் போகும் நாம், ஒரு முறை அங்கேயும் அழைத்துப் போவோம்.